பெரியப்பாவின் கட்டைவிரலும் இரண்டு வினாடியும்

அத்தியாயம் பதினான்கு

படக்காரர்கள் வாங்கிக்கொண்டு போன என் கணவரின் ஓட்டக் காலணிகள் திரும்பி வந்துவிட்டனவா என்று கேட்டு இந்த வாரம் பதினொரு வாசகர் கடிதங்கள். வரவில்லை. நூலகத்தில் முப்பது வருடம் புத்தகம் கொடுத்து வாங்கியவள் நான். தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகிறது. படக்குழுவில் யாரைக் கேட்டாலும் "கன்டினியூட்டில இருக்கும்மா" என்கிறார்கள். அது ஓர் இடமா, ஓர் ஆளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. என் கணவர் ஓட்டக்காரர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "கொஞ்சம் சாய்றேன்" என்று போனவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்கள். பெயர் 'எழுதப்படாத சாதனை'.

அந்தச் சாதனை என்னவென்றால், ஒரு நாள் விடியற்காலை, பயிற்சி மைதானத்தில், அவர் மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு வினாடியில் ஓடி முடித்தார். அன்றைய தேசிய சாதனை மூன்று நிமிடம் நாற்பத்து மூன்று. ஆனால் அங்கே நடுவர் இல்லை. ஸ்டாப்வாட்சோடு நின்றது அவருடைய அண்ணன் மட்டும்தான். அண்ணன் எண்ணை நோட்டில் எழுதினார். இருபத்திரண்டு வருடப் பயிற்சி நேரங்களும் அந்த ஒரே நோட்டில் இருக்கின்றன. முழுப் படமும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

அந்த வரி தவறு.

அது எனக்குத் தெரியும். கல்யாணமான வருடத்திலிருந்தே தெரியும். எழுதியவருக்குத் தெரியாது. வயது எழுபத்தொன்று. அது தெரியாமலே அவர் மீதி நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்பதுதான், என் கணவர் போன பிறகு எனக்கென்று நான் வைத்துக்கொண்ட ஒரே வேலை. போன வியாழக்கிழமை அந்த வேலைக்கு ஆபத்து வந்தது.

என் கணவரின் அண்ணனை என் மகள் பெரியப்பா என்பாள். அவள் வழியில் நானும் பெரியப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தெருவில் காய்கறி விற்பவர், தபால்காரர் எல்லாருக்கும் அவர் பெரியப்பாதான். படக்குழு வந்த இரண்டாம் நாள் அவர்களுக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

அந்த வியாழனுக்கு ஒரு வாரம் முன்னால் இயக்குநர் போன் செய்தார். முப்பது வயதுப் பெண். எதற்கும் "சூப்பர்" என்பார். மழை வந்து படப்பிடிப்பு நின்றபோதுகூட "சூப்பர்" என்றுதான் சொன்னார்.

"பெரியப்பா, சாதனை ஓட்டம் எடுக்கறோம். ஸ்டாப்வாட்சை அமுக்கற க்ளோசப்புக்கு உங்க கட்டைவிரலே வேணும். நிஜமான விரல்!"

அன்றிலிருந்து வீட்டில் அந்த விரலுக்கு ராஜமரியாதை. பெரியப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். சட்டைப் பொத்தான் போட மறுத்தார். டீ டம்ளரை நாலு விரலால் பிடித்து, இரண்டு முறை என் புடவையில் கொட்டினார். பாட்டில் மூடியைத் திறந்து கொடுங்கள் என்றால், "படம் முடியட்டும்" என்றார்.

"விரலுக்கு மட்டும் தனி கார் அனுப்புவாங்களா பெரியப்பா, இல்ல நீங்களும் கூடப் போகலாமா?" என்றாள் என் மகள்.

"பொறாமை. உன் விரலை யாராவது கூப்பிட்டாங்களா?"

"என் விரல் அரசாங்க விரல். முத்திரை குத்தற விரல்."

அது உண்மை. மகள் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவாள். தவறாக இருந்தால் அங்கேயே பறிமுதல். வேலையை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வருகிற பெண் இல்லை. பெண் பார்க்க வந்த பையன் ஆறடி என்று சொன்னபோது, "அஞ்சடி பத்தரை" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்தியவள். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. பையன் நல்லவன்தான். உயரம்தான் ஒன்றரை அங்குலம் இடித்தது.

அவளும் லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன் என்றபோது, அலுவலகத்தில் வேலை இல்லையா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். கார் வந்து நின்றபோது பெரியப்பா நன்றாக சவரம் செய்துகொண்டு, விரலைத் தூக்கிப் பிடித்தபடி முன் சீட்டில் ஏறினார். நோட்டு என் மடியில் இருந்தது.

படப்பிடிப்பு ஒரு பள்ளி மைதானத்தில். விடியற்காலைக் காட்சியைப் பகல் பதினொரு மணிக்கு எடுத்தார்கள். பனி ஒரு டிரம்மில் வந்திருந்தது. இரண்டு பேர் அதைப் பற்றவைத்து விசிறிவிட்டார்கள். ஓட்டப் பாதையில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு. அதன் முனையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெலிந்த ஓர் ஆள், வெளுத்த நீல பனியன், கழுத்தில் சுருண்ட முடி.

ஒரு நொடி என் கால் நகரவில்லை.

அவர் திரும்பினார். பற்கள் வேறு. கதாநாயகன். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒரே ஒரு டவுட். சார் தும்மினா எப்படித் தும்முவாரு?"

"படத்துல தும்மற சீன் இருக்கா தம்பி?"

"இல்லம்மா. உள்ளுக்குள்ள வெச்சுக்கத்தான்."

கர்ச்சீப்பில் தும்முவார் என்று சொன்னேன். மிக ஆழமான ஒன்றைக் கேட்டுவிட்டது போலத் தலையாட்டிக்கொண்டு போனார்.

என் கணவர் ஓட்டத்தைத் தொடங்குகிற விதம் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தொடக்கத் துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் பாய்வார்கள். அவருடைய இரண்டு கைகளும் போய்க் காதைப் பொத்திக்கொள்ளும். கண் இறுகும். இரண்டு வினாடி, சில நாள் கொஞ்சம் கூட. அதற்குப் பிறகுதான் கைகள் இறங்கும், கால்கள் கிளம்பும். அதற்குள் மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போயிருப்பார்கள். அதனால்தான் நீண்ட ஓட்டத்துக்கு வந்தார். "நூறு மீட்டர்ல ரெண்டு செகண்டுன்னா நேரா வீட்டுக்குப் போயிடலாம். இதுல தொரத்திப் பிடிக்கலாம்" என்பார்.

பழகட்டும் என்று பயிற்சியிலும் ஒரு சத்தம் வைத்தார்கள். மைதானக் காவலாளி இரண்டு பலகைகளை ஓங்கித் தட்டுவார். படத்தில் அதைத் துப்பாக்கியாக்கிவிட்டார்கள். காவலாளியைக் குதிரை வைத்திருப்பவராக ஆக்கியிருந்தார்கள். குதிரை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பெரியப்பாவுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. தன் நோட்டில் இருக்கிற நேரத்தைவிட, போட்டிகளில் அறிவிக்கிற நேரம் எப்போதும் இரண்டு வினாடி கூடுதலாக இருக்கும். நடுவர்கள் கூடிச் சதி செய்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. ஒரு முறை நேரம் குறிப்பவரின் சட்டைக் காலரைப் பிடித்து, "ரெண்டு செகண்டை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்க?" என்று உலுக்கியிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து அவரை மைதானத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கதையை அவர் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஆள் எண்ணிக்கை கூடும். இப்போது பதினாறில் நிற்கிறது.

இயக்குநர் விளக்கினார். "ஒரே ஷாட். முன்னால பெரியப்பா விரல், பின்னால மங்கலா ஹீரோ. துப்பாக்கி வெடிக்கும். விரல் அமுக்கும். முள்ளு ஓடும். கட். ரொம்ப ஈசி."

பெரியப்பா கைக்குட்டையை அவிழ்த்தார். ஒரு வாரம் வெயில் படாத விரல், பாவம், வெளிறிப்போயிருந்தது. மேக்கப் பெண் வந்து அதற்குக் கொஞ்சம் அழுக்குப் பூசினாள். அவர் முகத்தில் தெரிந்த வருத்தத்தைச் சொல்லி முடியாது.

துப்பாக்கி வெடித்தது. கதாநாயகன் காதைப் பொத்தினார். விரல் அசையவில்லை. கைகள் இறங்கின. விரல் அமுங்கியது.

"கட்! சூப்பர் பெரியப்பா. கொஞ்சம் லேட். வெடிச்சதும் அமுக்கணும்."

"வெடிச்சதும்தான் அமுக்கினேன்."

இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை இயக்குநர் பக்கத்திலேயே மண்டி போட்டு உட்கார்ந்தார். "காது கொஞ்சம்... கேக்குதா பெரியப்பா?"

"நல்லா கேக்குது. நீ அந்தக் கேமராக்காரன்கிட்ட 'வயசாயிடுச்சு'ன்னு சொன்னதும் கேட்டுது."

நாலாவது முறை, கைகாட்ட ஓர் உதவியாளர். ஐந்தாவது முறை, முதுகில் தட்ட இன்னோர் உதவியாளர். வெடித்தது, கை காட்டினார்கள், தட்டினார்கள். பெரியப்பா தட்டியவரை ஒரு பார்வை பார்த்தார். கதாநாயகனின் கைகள் இறங்கியதும் அமைதியாக அமுக்கினார். டிரம்மில் பனி தீர்ந்துபோயிற்று. இன்னொரு டிரம் கொண்டுவர ஆள் போனார்.

நான் மகளைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்திருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க பாரு. அஞ்சு தடவையும் ரெண்டு செகண்ட். ரெண்டு புள்ளி ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு புள்ளி ஒண்ணு, ரெண்டு."

"வெயில் ஏறுது. டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"தராசு கெட்டுப்போனா ஒரு தடவை கூட காட்டும், ஒரு தடவை குறைச்சுக் காட்டும். எல்லாத் தடவையும் ஒரே மாதிரி தப்புன்னா தராசு கெடல. யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க."

"பிஸ்கட்?"

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். கடைக்காரர்கள் ஏன் அவளைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா. நீ பேச்சை மாத்தற. உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நோட்டுல இருக்கிற எல்லா நேரமும் ரெண்டு செகண்ட் குறைச்சல்னு. அப்பா சாதனை பண்ணலைன்னு."

"மெதுவா பேசு."

"நான் டைரக்டர்கிட்ட சொல்லப்போறேன். படம் பூரா தப்பு அளவு. நான் பாத்துட்டுப் பேசாம இருக்க முடியாது."

"டைரக்டர்கிட்ட சொன்னா பெரியப்பாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் விடியக்காலை எழுந்து போனவரு. பஸ் டியூட்டி முடிச்சு வந்து, நாலு மணி நேரம் தூங்கிட்டுப் போனவரு. அந்த நோட்டைத் தவிர அவர்கிட்ட என்ன இருக்கு? சொல்லு."

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியப்பா என்றால் அவளுக்கு உயிர். சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவள் விழாமல் நூறு மீட்டர் போகும்வரை சீட்டை விடவே இல்லை. அதனால் மற்ற பிள்ளைகளைவிட மூன்று மாதம் தாமதமாகக் கற்றாள்.

பேருந்திலும் அப்படித்தான். அவர் நடத்துநர். ஏறினவர் இரண்டு காலையும் உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்த பிறகுதான் விசில் ஊதுவார். அவர் வண்டி எட்டு நிமிடம் தாமதம் என்பது ஊருக்கே தெரியும். மேலிடத்திலிருந்து மெமோ வரும். அதை நாலாக மடித்து, ஆடுகிற ஜன்னல் கண்ணாடிக்கு இடுக்கில் செருகிவிடுவார்.

"இன்னொரு டேக்!" என்றார் இயக்குநர்.

அந்த ஆறாவது டேக்கில்தான் எல்லாம் கெட்டது. கதாநாயகன் விரலில் ஒரு மோதிரம் போட்டிருந்தார். ராசி மோதிரமாம், கழற்ற மாட்டார். துப்பாக்கி வெடித்தது. காதைப் பொத்தினார். கையை எடுக்கப் போனார். மோதிரம் டோப்பாவில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் முடி கழன்று வரும். அதனால் நடிப்பதை விடாமல், கண்ணை இறுக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல விரலைத் திருகினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

எல்லாரும் பெரியப்பாவின் விரலையே பார்த்தோம். அது பொத்தானுக்கு மேலே, மயிரிழை தூரத்தில், அசையாமல் நின்றது. ஐந்து. ஆறு. ஏழாவது வினாடியில் கை விடுபட்டது. ஒரு கொத்து முடியோடு இறங்கியது.

டிக்.

இயக்குநர் சிரித்துவிட்டார். "பெரியப்பா! நீங்க துப்பாக்கியைக் கேக்கவே இல்ல. அவர் கையைப் பாத்துல்ல அமுக்கறீங்க!"

"ஆமா. பின்ன எதைப் பாக்கறது?"

சிரிப்பு இயக்குநரின் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை. "அப்பவும்... அந்த சாதனை அன்னிக்கும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்."

மகள் எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று அவள் கையைப் பிடித்தேன். பிடித்திருக்கத் தேவையில்லை. "பெரியப்பா, அது வந்து..." என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தைந்து வருடம் ஓடுகிற வண்டியில் நின்றபடி கணக்குப் போட்டவருக்கு, இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். கதாநாயகனைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நாப்பத்திரண்டும் ரெண்டும்," என்றார். "நாப்பத்தி நாலு."

ஓடிக்கொண்டிருந்த முள்ளை அமுக்கி நிறுத்தினார்.

"அப்போ நடுவருங்க திருடல."

"விடுங்க பெரியப்பா," என்றேன்.

"அந்த ஆளு காலரைப் பிடிச்சு உலுக்கினேனே. சரியாத்தானே எழுதியிருக்கான். பாவம், கண்ணாடிகூடக் கீழ விழுந்துது."

இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏன் பெரியப்பா, துப்பாக்கிக்கு அமுக்கல? ரூல் தெரியாதா?"

"ரூலு தெரியும்மா. ஆனா அவன் அப்ப ஓடலியே."

பிறகு அவர் சொன்னதை அங்கே இருந்தவர்கள் முதல் தடவையாக முழுசாகக் கேட்டார்கள். அவர்களின் அப்பாவுக்குக் கல் குவாரியில் வெடி வைக்கிற வேலை. என் கணவருக்கு அப்போது ஏழு வயது. மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருக்கிறார். ஒரு வெடி நேரம் தவறி வெடித்தது. அப்பா அதில் போய்விட்டார். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஐம்பது அடி தள்ளி, காதைப் பொத்திக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தூக்கினார்கள், உலுக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். கையை எடுக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் வந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது.

"எடுத்ததும் ஓடினான் பாருங்க. குவாரியிலேருந்து வீடு வரைக்கும். என்னால பிடிக்க முடியல," என்றார் பெரியப்பா. "கை காதுல இருக்கற வரைக்கும் அவன் மைதானத்துல இல்லம்மா. அங்க நின்னுட்டிருக்கான். நிக்கறவனுக்கு எப்படி நேரத்தை ஓட விடறது?"

இயக்குநர் மெல்லக் கேட்டார். "அப்போ வெடிச்சதும் அவரு ஓடல?"

"நின்னான்னு சொல்றேனே."

"நாங்க ஓட விட்டுட்டோம் பெரியப்பா. குவாரி சீன் போன மாசம் எடுத்தோம். நாலு கேமரா. பின்னாலயே நெருப்பு தொரத்துது."

"நெருப்பா? அது கல்லு. கல்லு எப்படி எரியும்?"

இயக்குநர் சூப்பர் என்று சொல்லவில்லை. அவரைச் சந்தித்த இத்தனை நாளில் அதுதான் முதல் முறை.

பெரியப்பா ஸ்டாப்வாட்சை நாற்காலியில் வைத்தார். அத்தனை நாள் காப்பாற்றிய விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். கார் வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றார். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனதும் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் அவனை ஏமாத்தியிருக்கேன்," என்றார். "நீ சாதனை பண்ணிட்டேடான்னு தோள்ல தூக்கிட்டுச் சுத்தினேன். நம்பிட்டானே."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினேன். திரும்பவும் சொட்டியது.

"அவர் நம்பல பெரியப்பா."

"என்ன?"

"அவருக்குத் தெரியும். முதல்லேருந்தே. போட்டியில ஒரு நேரம், உங்க நோட்டுல ஒரு நேரம். ஓடறவருக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல நோட்டைப் பாத்து நானே கேட்டேன். சிரிச்சாரு."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னாரு. 'சொல்லிடாத. அப்புறம் அண்ணன் சரியா அமுக்க ஆரம்பிச்சிடுவாரு'ன்னாரு."

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாதியில் அது சிரிப்பு இல்லை என்று ஆகி, திரும்பவும் சிரிப்பாகி, இருமலில் வந்து நின்றது. "திருட்டுப் பய," என்றார். "அமுக்கமா இருந்திருக்கான் பாரு." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். விரலையும் கழுவினார். மேக்கப் அழுக்கு எல்லாம் போயிற்று.

மகள் வந்துகொண்டிருந்தாள். கையில் நோட்டும் பேனாவும். அலுவலக நடை.

பெரியப்பா தலை குனிந்து, "பறிமுதல் பண்ணப் போறியா?" என்றார்.

"சட்டம் சொல்லட்டுமா பெரியப்பா? ஒரு அளவு சரியா தப்பான்னு பாக்கறதுக்கு முன்னாடி, எங்கேருந்து அளந்தாங்கன்னு பாக்கணும். எங்கேருந்துன்னு எழுதியிருந்தா அளவு செல்லும். எழுதலைன்னா செல்லாது. உங்க நோட்டுல எழுதல. அதுதான் குத்தம். வேற குத்தம் இல்ல."

"என்ன எழுதணும்?"

"எங்கேருந்து அமுக்கினீங்களோ அது."

பெரியப்பா குழாய் மேடை மேல் நோட்டை விரித்து, முதல் பக்கத்தில் மேலே, நடத்துநர் கையெழுத்தில் எழுதினார். 'எல்லா நேரமும் காதிலிருந்து கையை எடுத்ததிலிருந்து.' கீழே கையெழுத்து. தேதி போடப் போனார். "இன்னிக்குத் தேதியா, அன்னிக்குத் தேதியா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு. முன்தேதி போட்டா பிடிச்சு உள்ள வெச்சிடுவேன்."

அவள் கைப்பையில் எப்போதும் முத்திரை இருக்கும். அதை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரு குத்து குத்தினாள். தராசுக்குக் குத்துவதைக் காகிதத்தில் குத்தலாமா என்று நான் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கேட்டிருந்தால் தூசி என்பாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது இயக்குநர் போனில் யாரிடமோ, "சாதனை இல்ல சார். ஆமா சார், படத்தோட பேர்ல இருக்கு சார். இல்ல சார், நெருப்பும் இல்ல" என்று மன்றாடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் போனைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

"பேரு, கதை எல்லாத்தையும் நாளைக்குப் பாத்துக்கலாம். பெரியப்பா, இன்னொரு டேக். உங்க இஷ்டப்படி அமுக்குங்க. யாரும் தட்ட மாட்டாங்க."

மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார் கதாநாயகன். டோப்பாவை ஒட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றார். துப்பாக்கி வெடித்தது. கைகள் காதுக்குப் போயின. இந்த முறை அவர் மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணவில்லை என்று நினைக்கிறேன். முன்பைவிட நீளமாக நின்றார். விரலும் நின்றது. அந்த மைதானத்தில் டிரம் விசிறுகிறவர்கள்கூட விசிறியை நிறுத்திவிட்டு நின்றார்கள். கைகள் இறங்கின. டிக். அவர் ஓடினார். இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டதால் பாவம், முழுச் சுற்றும் ஓடினார்.

வண்டியில் வீடு திரும்பும்போது மகள் முன் சீட்டில் தூங்கிவிட்டாள். பெரியப்பா இரண்டு கட்டைவிரலாலும் பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்து, எனக்கு ஒன்று நீட்டினார். கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் உங்கிட்ட எல்லாம் சொல்வானா?"

"சொல்வாரு."

"அப்போ..." பிஸ்கட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அன்னிக்குக் குவாரிக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போக வேண்டியது யாரு, யாரு விளையாடிட்டிருந்துட்டு அவனை அனுப்பினாங்கன்னு... அதையும் சொன்னானா?"

முப்பத்தொரு வருடத்தில் என் கணவர் என்னிடம் சொன்னவை எத்தனையோ. சொல்லிவிடாதே என்று சொன்னவை இரண்டுதான். ஒன்றை அன்று மதியம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உடைத்துவிட்டிருந்தேன்.